வேரில் இருந்த விலை பழத்துக்கு வந்த கதை

அந்தமான் நிகோபார் தீவுகளின் கரையோரக் காடுகளில் தாழை, புன்னை, பூவரசு ஆகியவற்றுக்கு நடுவே ஆண்டு முழுவதும் இலை உதிர்த்து மொட்டையாகாமல் நிற்கும் குறுஞ்செடி ஒன்று உண்டு. பாறை இடுக்கிலும் வெறும் மணலிலும் அது புதராகவே நின்றுவிடும். நல்ல மண்ணும் இடமும் கிடைத்தால் சிறு மரமாக ஆறேழு மீட்டர் வரை உயரும். தாவரவியலார் அதை மொரிண்டா சிட்ரிஃபோலியா என்கிறார்கள்; 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. தமிழில் நுணா; இன்றைய மருந்துக் கடையில் நோனி. நிகோபாரியர் லோராங் என்பார்கள். அந்தமானில் குடியேறியவர்களிடையே பர்மா பழம், பொங்கி பழம் என்றும் வழங்குகிறது. கேரளக் கரையில் இதைக் கண்டு படம் வரைவித்த டச்சுக்காரர் வான் ரீடு, 1678இல் வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' முதல் தொகுதியிலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டார்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நுணா, மஞ்சணத்தி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதன் உறவுச் செடிதான். உள்நாட்டு மஞ்சணத்திக்கு இலை சிறியது, பழம் முற்றினால் கறுத்துவிடும். கடற்கரைச் செடியின் இலை பெரிது: ஒரு முழ நீளம்கூட வளரும், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், பழுத்த காய் வெளுத்துப் போகும். ஊர்வழக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை; பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் பல நூற்றாண்டுகளாக எழவில்லை. இரண்டின் வேரும் ஒரே வேலைக்குத்தான் ஆகும்.

பூவையும் காயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தச் செடியின் அமைப்பு புரியும். இலைக் காம்புக்கு எதிர்ப்புறம் பச்சை உருண்டை ஒன்று தோன்றுகிறது. அதன் மேல் அங்கங்கே ஐந்து இதழ் விரித்த வெள்ளைக் குழல் பூக்கள், ஒரே நேரத்தில் அல்ல, இன்று இரண்டு நாளை மூன்று என்று வெளிவருகின்றன. பூ உதிர்ந்த இடத்தில் வட்டத் தழும்பு நின்றுவிடும். ஒவ்வொரு பூவின் சூலகமும் அடுத்ததோடு ஒட்டி, எல்லாம் சேர்ந்து ஒற்றைக் கனியாகிறது. அதனால்தான் பழத்தின் மேல் முழுவதும் கண் கண்ணாக இருக்கிறது. பச்சைக் காய் மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகும். வெள்ளையாக, இன்னும் கெட்டியாக இருக்கும்போது பறித்து வைத்தால், ஓரிரு நாளில் தோல் கண்ணாடிபோல் ஊடு தெரிய ஆரம்பிக்கும். சதை கூழாகிச் சாறு கசியும். அழுகிய பாலாடைக் கட்டியை ஒத்த வாடை வீடு முழுக்கப் பரவும். ஹெக்சனாயிக், ஆக்டனாயிக் ஆகிய கொழுப்பு அமிலங்கள்தான் அந்த வாடைக்குக் காரணம். முதல்முறை முகர்ந்தவர் இதை உணவு என்று நினைப்பது கடினம்.

தீவுகளுக்கு இந்தச் செடியைக் கொண்டுவந்து நட யாரும் தேவைப்படவில்லை. விதையின் ஒரு முனையில் காற்று அடைபட்ட சிறு அறை இருக்கிறது. அந்தக் காற்றின் பலத்தில் விதை கடல்நீரில் மாதக்கணக்கில் மிதக்கும். பிறகு கரையேறி முளைக்கவும் செய்யும். பசிபிக் தீவுகளில் கடலோடி வரும் விதைகளை ஆராய்ந்த இங்கிலாந்து இயற்கையியலாளர் கப்பி, 1906இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமத்ராவுக்கும் பெரிய நிகோபாருக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர் கடல்தான். நீரோட்டத்துக்கு அது பெரிய தூரம் இல்லை. கடல் விட்ட குறையை மனிதர்கள் நிரப்பினார்கள். பசிபிக்கில் குடியேறிய பழங்காலக் கடலோடிகள், தங்கள் ஓடங்களில் ஏற்றிச்சென்ற செடிகளில் இதுவும் ஒன்று. ஹவாயில் நோனி, தஹிதியில் நோனோ, மலாய்நாட்டில் மெங்குடு என்று பெயர்கள் மாறிக்கொண்டே போகின்றன.

நிகோபார் தமிழருக்குப் பழைய பெயர்தான். முதலாம் இராசேந்திரனின் கடல் படையெடுப்பைச் சொல்லும் தஞ்சாவூர்க் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று வருகிறது. வங்கக் கடலைக் கடக்கும் கப்பல்கள் தண்ணீருக்கும் தேங்காய்க்கும் ஒதுங்கும் இடமாக அது நெடுங்காலம் இருந்தது. தீவினரின் வயிற்றை நிரப்பியவை தென்னையும் தாழைப் பழமும் பன்றியும் மீனும். லோராங் அந்த வரிசையில் துணை உணவுதான். உப்புத் தொட்டுப் பச்சையாகத் தின்பது நிகோபாரியர் வழக்கம். காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் இலையும் பழமும் கைவைத்தியமாக உதவின. தோட்டம் போட்டு வளர்க்க வேண்டிய நிலை இல்லை, தானாக முளைத்தது போதுமானதாக இருந்தது.

அந்தமானுக்கு இதை அறிந்த இன்னொரு கூட்டம் பர்மாவிலிருந்து வந்தது. 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய பிறகு பர்மியக் கைதிகளும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1925இல் கரேன் மக்கள் நடு அந்தமானில் மாயாபந்தர் பக்கம் குடியேறி வெபி ஊரை அமைத்தார்கள். பர்மியச் சமையலில் நுணா இலைக்கு நல்ல மதிப்பு உண்டு. மீனை மசாலா தடவி அந்த இலையில் பொதிந்து வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். தாய்லாந்திலும் இதே வழக்கம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தமான் கரையில் இந்தச் செடியைக் கண்டபோது அது புதிதாக இருந்திருக்க வழியில்லை. பர்மா பழம் என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

இத்தனை காலமும் பெருநிலத்தில் இந்தச் செடிக்குக் காசு கொடுத்தவர்கள் பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் கேட்டது வேர். நுணா வேரின் பட்டையில் மொரிண்டின் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து சிவப்புச் சாயம் கிடைக்கும். 1849 வாக்கில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் ஆண்டர்சன் இந்தியாவிலிருந்து போன வேரைக்கொண்டு அதைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார். ஆனால் சாயக்காரருக்கு அது எத்தனையோ தலைமுறை முன்பே தெரிந்த விஷயம். மத்திய இந்தியாவில் இந்தச் சாயத்துக்கு 'ஆல்' என்று பெயர். நம் ஆலமரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. புந்தேல்கண்ட், நிமாட், பேரார் வட்டாரக் கரிசல் நிலங்களில் நுணா, வயல்பயிராகவே விளைந்தது. ஜான்சிக்கு அருகே மவுராணிப்பூரில் நெய்து ஆலில் தோய்த்த கரடுமுரடான சிவப்புத் துணி 'கருவா' என்ற பெயரில் வடஇந்தியச் சந்தைகளில் ஓடியது.

ஆல் விவசாயம் பொறுமையைச் சோதிக்கும் தொழில். மழை தொடங்கும்போது விதைத்தால் மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் தோண்டலாம். அதுவரை நிலத்திலிருந்து வேறு வருமானம் கிடையாது. செடியை மரமாக வளர விடுவதும் இல்லை: சாயம் பட்டையில்தான் இருக்கிறது, வேர் தடிக்கத் தடிக்க உள்கட்டை பெருத்துப் பட்டையின் விகிதம் குறைந்துவிடும். ஆகவே விரலைவிட மெல்லிய வேருக்கே உச்ச விலை. தோண்டிய வேரைத் தரம் பிரித்து மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்று விலையில் விற்றார்கள். வேர் ஆழத்தில் ஓடும் செடி என்பதால், நீளக் கடப்பாறையோடு கரிசல் மண்ணைப் பிளந்து நுனி அறுந்துவிடாமல் இழுத்தெடுக்க நல்ல உடல்பலம் வேண்டும். அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும் நுனிதான் அதிக விலைக்குப் போகக்கூடிய பகுதி என்பது இதில் உள்ள வேடிக்கை.

தோய்ப்பதும் சுலபமில்லை. நூலையோ துணியையோ முதலில் ஆமணக்கெண்ணெய் அல்லது நல்லெண்ணெயும் சாம்பல் காரமும் கலந்த நீரில் ஊறவைத்து, மிதித்து, வெயிலில் உலர்த்தி, மறுபடியும் ஊறவைப்பார்கள். கடுக்காய் நீர் ஏற்றி, படிகாரம் ஏற்றி, அதன் பிறகே வேர்ப்பொடிச் சாயத்தில் இறக்கிக் கொதிக்க வைப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். கிடைப்பது பளிச்சென்ற சிவப்பும் அல்ல. செங்கல்லுக்கும் காவிக்கும் இடையில் நிற்கும் ஆழ்ந்த நிறம். துவைக்கத் துவைக்க மங்காது என்பதுதான் அதன் பெருமை. பாலித் தீவின் தெங்கனான் ஊரில் நெய்யும் கெரிங்சிங் துணியின் சிவப்பும் இதே இனச் செடியின் வேரிலிருந்துதான் வருகிறது. அங்கும் எண்ணெயில் ஊறவைக்கும் சடங்கு இதே பொறுமையோடு நடக்கிறது.

சோழமண்டலக் கரையில் நுணாவுக்கு இந்த அளவு மவுசு இருக்கவில்லை. காரணம், அங்கே இன்னும் நல்ல சிவப்பு தரும் சாயவேர் மணல்வெளிகளில் கிடைத்தது. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிச் சாயவேருக்காக டச்சுக் கம்பெனி தனியுரிமையே வைத்திருந்தது. தமிழ்நாட்டில் நுணா வேறு வகையில் பயன்பட்டது. கட்டை எடை குறைவு, சீக்கிரம் வெடிக்காது என்பதால் உழவர்கள் அதில் நுகத்தடி செய்தார்கள். மாட்டின் கழுத்துக்குப் பாரம் தெரியாது. இலைச்சாற்றைக் குழந்தைகளின் மாந்தத்துக்குக் கொடுப்பது பாட்டி வைத்தியத்தில் சேர்ந்தது. பச்சைக் காயை ஈர்க்குச்சியிலோ விளக்குமாற்றுக் குச்சியிலோ கோத்துச் சக்கரமாக்கி, பிள்ளைகள் தேரும் வண்டியும் செய்து ஓட்டினார்கள். பொம்மைக்குக் காசு தேவைப்படாத நாட்களில் அதைவிட உருண்டையான சக்கரம் வேறு எது கிடைத்திருக்கும்? சங்க நூல்களில் நுணவம், நுணவு என்று வருவதும் இந்த இனத்தையே குறிக்கும் என்பது உரையாசிரியர் கருத்து. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் அந்தப் பெயரைக் காணலாம்.

தீவுகளில் இந்த வேரைத் தோண்டி விற்கும் தொழில் வளராமல் போனதற்குக் காலக்கணக்கு ஒரு காரணம். பிரிட்டிஷ் அரசு நிகோபாரைத் தன் வசமாக்கியது 1869இல். நன்கௌரித் துறைமுகத்தில் ஒரு தண்டனைக் குடியேற்றமும் அப்போது தொடங்கியது, 1888இல் மூடப்பட்டது. அதே 1869இல்தான் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் ஆகியோரும் இங்கிலாந்தில் பெர்கினும் செயற்கைச் சிவப்புச் சாயமான அலிசரினுக்குக் காப்புரிமை கோரினார்கள். நிலக்கரித் தாரிலிருந்து செய்த அலிசரின் மலிவு, தோய்க்கும் நேரமும் குறைவு. அது முதலில் வீழ்த்தியது ஐரோப்பாவின் மஞ்சிட்டி வயல்களை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் சாயவேரும் ஆலும் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து விலகின. மூன்று ஆண்டு காத்துத் தோண்ட வேண்டிய வேரை, டப்பாவில் வந்த பொடியோடு போட்டி போட வைக்க எந்த உழவராலும் முடியாது.

அதனால் போர்ட் பிளேர் அதிகாரிகள் எந்தெந்தப் பயிரையோ சோதித்துப் பார்த்தபோதும் காலடியில் வளர்ந்த நுணாவை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்றத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து பயிரிட்டவையாகச் சொல்லப்பட்டவை தேயிலை, லைபீரியக் காப்பி, கோகோ, சியாரா ரப்பர், மணிலா சணல், தேக்கு, தென்னை. இவற்றில் சியாரா ரப்பர் சரிவரவே இல்லை, தென்னையே நிலைத்தது. பயிரிட வேண்டாத, விலை போகாத செடிக்கு அரசுப் பதிவேட்டில் இடமிருக்காது.

ஆல் சாயம் முற்றிலும் மறையவில்லை. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்துக் கோட்பாட் ஊரில் மிர்கான் சமூகத்து நெசவாளர்கள் இன்றும் இந்த வேரை இடித்து, ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் ஏற்றிய நூலில் தோய்க்கிறார்கள். காவியும் கறுப்புமாக, கரையில் நண்டும் மீனும் ஓடவிட்ட அந்தப் புடவைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒடிசாவில் அந்த அங்கீகாரத்தை முதலில் பெற்ற பொருள் அதுவே.

பழத்தின் காலம், அலிசரின் வந்து நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, வேறொரு கடலிலிருந்து வந்தது. ஹவாயில் அன்னாசி ஆராய்ச்சி செய்துவந்த ரால்ஃப் ஹைனிக்கே, 1985இல் நோனிப் பழத்தில் 'செரோனின்' என்ற அற்புதப் பொருள் உருவாக வழி இருப்பதாக எழுதினார். அப்படி ஒரு பொருளை வேறு ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தவே இல்லை. ஆனாலும் கதை விற்றது. 1996 முதல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து, தஹிதிப் பழச்சாறு பல அடுக்கு முகவர்கள் வழியாக உலகமெங்கும் விற்பனைக்குப் போனது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் புதிய வகை உணவாக அனுமதித்தது. மருந்தாக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய், புற்றுநோய், மூட்டுவலி என்று எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற விளம்பரங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. 2005இல் ஆஸ்திரியாவிலிருந்து, சாறு குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகச் சில மருத்துவக் குறிப்புகள் வந்தன. சாறுதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மறு ஆண்டு கூறியது. பொட்டாசியம் மிகுந்த சாறு என்பதால் சிறுநீரக நோயாளிகள் தொடாமல் இருப்பது நல்லது. இது பற்றி மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. உப்புத் தொட்டு ஒரு பழம் தின்னும் நிகோபாரியர் பழக்கத்துக்கும், லிட்டர் கணக்கில் பாட்டில் வாங்கிக் குடிக்கும் நகரத்து நம்பிக்கைக்கும் நடுவே தூரம் அதிகம்.

சென்னையும் இந்த அலையில் கலந்துகொண்டது. நோனி ஆராய்ச்சிக்கென்றே அங்கே ஓர் அறக்கட்டளை தோன்றியது. அந்தமானில் வேலையை முறையாக எடுத்துக்கொண்டது மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம். 1978 ஜூன் 23இல் தொடங்கி, போர்ட் பிளேர் அருகே காராசர்மாவில் இயங்கும் இந்நிலையம் இப்போது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. போர்ட் பிளேருக்கும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. தீவுகள் நெடுகிலும் காட்டு நுணாக்களைத் தேடித் திரட்டி, பழத்தின் அளவு, விளைச்சல், சத்து ஆகியவற்றைப் பார்த்து, நிறுவனம் நான்கு ரகங்களைத் தேர்ந்தெடுத்தது: சஞ்சீவினி, சம்ரித்தி, சம்பதா, ரட்சக். அதுவரை தீவுகளில் இயற்கையே விதைத்துவந்த செடிக்கு முதன்முறையாக ரகப் பெயர் கிடைத்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த ஆராய்ச்சிக்கு வேறொரு நியாயத்தையும் கொடுத்தது. நிலநடுக்கத்தில் தென் அந்தமான் கரை தாழ்ந்தது. பெரிய நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. நெல்வயல்களில் கடல்நீர் நின்று மண் உப்பேறிப் போனது. அப்படிப்பட்ட நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் செடிகளைத் தேடியபோது நுணா கண்ணில் பட்டது. கடல்நீர்த் துளி படும் இடத்திலேயே பிறந்து வளர்ந்த செடிக்கு உப்பு புதிதல்ல. தேங்கும் நீரை மட்டும் அது நெடுநாள் பொறுக்காது.

வளர்ப்பு முறை எளிது, முளைப்பில்தான் சிக்கல். பழுத்துக் கூழான பழத்தைப் பிசைந்து கழுவினால் முக்கோண வடிவில் செம்பழுப்பு விதைகள் தங்கும். விதையுறை தடிப்பானது, கடலில் மிதந்து பிழைக்க உதவிய அதே உறைதான் நாற்றங்காலில் தடையாகிறது. அப்படியே விதைத்தால் ஆறு மாதம், சிலவேளை ஓராண்டுகூட ஆகும். முனையை நகவெட்டியால் கொஞ்சம் வெட்டிவிட்டு விதைத்தால் ஒரு மாதத்தில்கூட முளை எட்டிப் பார்க்கும். தண்டுப் பதியனும் வேர்விடும்; தாய்ச்செடியின் குணம் மாறாமல் வேண்டுமென்றால் அதுவே வழி. பைகளில் வளர்த்த கன்றை மழைக்காலத் தொடக்கத்தில் நடுவார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் தீவுகளில் தண்ணீர் பாய்ச்சும் வேலை கோடையில் மட்டும்தான். தென்னந்தோப்பு ஊடுபயிராகவும் ஏற்றது, பாதி நிழலைப் பொறுத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் முதல் காய் வந்துவிடலாம், ஆனால் கிளை தழைக்க வேண்டும் என்பதற்காக அதைக் கிள்ளிவிட்டு, முனையையும் நறுக்கிக் கைக்கெட்டும் உயரத்தில் புதராக வைப்பார்கள். வேர்முடிச்சு நூற்புழு இதன் பெரிய எதிரி. ஒருமுறை மண்ணில் புகுந்துவிட்டால் விரட்டுவது கடினம் என்பதால் கன்று எடுக்கும் மண்ணிலேயே கவனமாக இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் பூவும் காயும் இருப்பதால் ஒரே அறுவடைக் காலம் கிடையாது. வாரந்தோறும் சுற்றிவந்து வெள்ளையாகிக்கொண்டிருக்கும் காயைப் பறிக்க வேண்டும்.

பறித்த பழத்தை அப்படியே கப்பலேற்ற முடியாது. சென்னைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர், கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள் பயணம். அதற்குள் மூட்டையெல்லாம் கூழாகிவிடும். ஆகையால் பழம் விளையும் இடத்திலேயே சாறாக வேண்டும். மூடிய கலனில் பழத்தை அடுக்கி வைத்தால் அது தானே கசிந்து நீர் விடும்; இரண்டு மாத அளவில் நொதித்த பின் வடிகட்டி, சூடாக்கிப் பாட்டிலில் அடைப்பது பழைய முறை. வாடையைத் தாங்காதவர்களுக்காக மற்றப் பழச்சாறுகளுடன் கலந்து விற்பதும் உண்டு.